ஜெபசிங்கின் ரேஸ் சைக்கிள்

குருவுக்கு வயது இருபத்தொன்பது. சீடருக்கு நாற்பத்தாறு. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சைக்கிளில் முன்னால் போகிறவர் குரு, பின்னால் மூச்சு வாங்க வருகிறவர் சீடர். நாகர்கோவிலில் அந்தக் கூட்டத்தில் வேறு கணக்கு கிடையாது.

குருவின் பெயர் பெனிலா. பெண்கள் பள்ளி ஒன்றில் விளையாட்டு டீச்சர். கல்லூரி நாட்களில் சைக்கிள் பந்தயங்களில் ஓடி மெடல் வாங்கியவர். சனிக்கிழமை விடிந்ததும் ஒரு கூட்டம் அவர் பின்னால் சைக்கிளில் கிளம்பும். ஞாயிறு என்றால் பாதிப் பேருக்கு சர்ச் இருந்தது.

பெனிலா டீச்சரிடம் கேள்வி கேட்க எல்லோருக்கும் கொஞ்சம் பயம். பதில் வராது, வேலைதான் வரும். ஏற்றத்தில் களைக்காமல் ஏறுவது எப்படி என்று ஒருவர் கேட்டார். ஏற்றம் முழுக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே வரச் சொன்னார் டீச்சர். மூச்சு முட்டியது. பாட முடிகிற வேகத்துக்கு அந்த மனிதர் தானாக இறங்கினார். களைக்காமல் மேலே போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்பதில்லை.

சீடரின் பெயர் ஜெபசிங். வடசேரியில் ஒரு மெடிக்கலில் சேல்ஸ்மேன். ஆள் குள்ளம். முதலாளியின் பழைய டெலிவரி சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு கூட்டத்தோடு வருவார். அதில் கேரியரே ஒரு ஆள் கனம் இருக்கும். எப்போதும் கடைசியில்தான் வந்து சேருவார். மற்றவர்கள் டீ குடித்து முடித்த கிளாஸைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரிப்பார். அவர் மேல் யாருக்கும் கோபம் வராது.

ஆனி மாசத்தில் ஒரு சனிக்கிழமை அவர் வாயைத் திறந்தார்.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

கூட நின்றவர்கள் அவரைப் பாவமாகப் பார்த்தார்கள்.

"ரேஸ் சைக்கிள் ஒண்ணு வாங்கப் போறேன். ரெண்டு பாத்து வச்சிருக்கேன். ஒண்ணு கடையில நிக்கி. புத்தம் புதுசு, நீலக் கலர். போன வருச மாடல், கடைசிப் பீஸு. அதனால வெல கொறச்சித் தாறேங்கான். இன்னொண்ணு நம்ம கிளாட்வினோடது. அவரு வேற எடுக்காரு, இதைக் குடுத்திருவாரு. ரெண்டுக்கும் ஒரே வெல. எத எடுக்க?"

கிளாட்வின் பக்கத்தில்தான் நின்றார். மொபைல் கடைக்காரர். ஜெபசிங்கின் உயரம்தான் அவரும்.

"நான் விக்கிறவன். நான் வாயத் தொறக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, வாயைத் திறந்துகொண்டே நின்றார்.

டீச்சர் ஜெபசிங்கைப் பார்த்தார்.

"கடை வண்டில ஏறிப் பாத்தியளா அண்ணாச்சி?"

"பாத்தேன் டீச்சர்."

"கால் தரையில எட்டிச்சா?"

"பெருவிரல் எட்டிச்சு."

"கை?"

"கொஞ்சம் எட்டிப் பிடிக்கணும். சீட்டை இறக்கித் தாறேன்னு கடைக்காரன் சொல்லியிருக்கான்." ஜெபசிங் குரலைத் தணித்தார். "அதுல ஒரு விசயம் உண்டும் டீச்சர். அது பெரிய சைஸு. சின்ன சைஸுக்கும் அதே வெலதானாம். அதே காசுக்கு அவ்வளவு பெரிய வண்டி யாரு தருவா?"

யாருக்கும் தெரியாத ஒன்றைக் கண்டுபிடித்துவிட்ட பெருமை அவர் முகத்தில் இருந்தது. கிளாட்வின் இருமுவதுபோல் திரும்பிக்கொண்டார்.

"வீட்ல என்ன சொல்லுதாவ?" என்று கேட்டார் டீச்சர்.

"இந்த வெலைக்கு இஞ்சின் கூடக் கெடயாதான்னு கேட்டா. பெறவு சரின்னுட்டா. ஒரு தடவதான், மாத்துறது, திருப்பிக் குடுக்கது எல்லாம் கெடயாதுன்னு சொல்லிட்டா. சரியாத்தான் சொல்லுதா. இத விட்டா இன்னொண்ணு வாங்க என்னால முடியாது." பிறகு, யாரும் கேட்காமலே, "புதுசா ஒண்ணு வாங்கணும் டீச்சர்" என்றார்.

டீச்சர் ஹெல்மெட்டை மாட்டினார்.

"அடுத்த சனிக்கிழமை எல்லாருக்கும் ஜெர்ஸி வருது. வந்திருங்க."

இதுதான் பதிலா என்று ஜெபசிங்குக்குப் புரியவில்லை. அடுத்த வாரம் வரைக்கும் பொறுத்துக்கொள்ளும்படி கடைக்காரரிடம் போனில் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை ஜெர்ஸி வந்தது. மஞ்சள் நிறம், முதுகில் பைகள், உடம்பை ஒட்டிப் பிடிக்கிற துணி. எல்லோரும் போட்டுக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துத் தொப்பையை உள்ளே இழுத்தார்கள். கடைசிப் பொட்டலத்தை டீச்சர் ஜெபசிங்கிடம் கொடுத்தார்.

ஜெபசிங் தன் சட்டைக்கு மேலேயே அதைப் போட்டார். அது தோளில் நிற்காமல் கீழே இறங்கியது. கை முழங்கையைத் தாண்டியது. அடிப்பக்கம் தொடையை மூடிவிட்டது.

"அண்ணாச்சி, சர்ச்சுல பூசை வைக்கப் போறியளா? அங்கி மாட்டியிருக்கிய" என்றார் கிளாட்வின்.

"எல்லா சைஸும் ஒரே வெலதான்" என்றார் டீச்சர். "அதான் உங்களுக்குப் பெரிசாப் பாத்து வாங்கினேன்."

ஜெபசிங்குக்கு நெகிழ்ந்துவிட்டது. "ரொம்ப தேங்க்ஸ் டீச்சர்" என்றார். உண்மையாகவே சொன்னார். தனக்கென்று பார்த்து வாங்கியிருக்கிறாரே என்று அவருக்குச் சந்தோஷம்.

முப்பந்தல் பக்கம் கிளம்பினார்கள். ஆனியில் அந்த வழியில் காற்று எப்படி என்று அங்கே வரிசையாக நிற்கும் காற்றாலைகளைக் கேட்டால் தெரியும். மேற்கிலிருந்து வரும் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழைந்து, போகிறவர்களின் முதுகைப் பிடித்துத் தள்ளும். அந்தக் காற்று ஜெபசிங்கின் ஜெர்ஸிக்குள் புகுந்தது. முதுகு பெரிதாக உப்பியது. டெலிவரி சைக்கிள் அது பிறந்த நாளிலிருந்து காணாத வேகத்தில் ஓட ஆரம்பித்தது.

ஜெபசிங் ஒருவரைத் தாண்டினார். இன்னொருவரைத் தாண்டினார். கிளாட்வினையும் தாண்டினார். தாண்டும்போது மணி அடித்தார்.

முப்பந்தல் டீக்கடைக்கு அவர்தான் முதலில் போனார். எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டு, வாசலில் நின்று வரவேற்றார். அந்தக் காலை நேரத்தில் அவரை விடச் சந்தோஷமான ஆள் அந்த மாவட்டத்தில் இருந்திருக்க முடியாது.

"டீச்சர், பெரிசு நல்லாத்தான் இருக்கு!"

"டீயக் குடிங்க அண்ணாச்சி" என்றார் டீச்சர்.

திரும்பும்போது காற்று நெஞ்சில் வந்து விழுந்தது.

முதலில் அது கழுத்து வழியாக நுழைந்தது. ஜெர்ஸி முன்னால் வீங்கி, படபடவென்று முகத்தில் அடித்தது. ஜெபசிங் குனிந்தார். துணி இன்னும் வீங்கியது. ஒரு கையால் பிடித்தார். ஹேண்டில் ஆடியது. நிறுத்தி, அடிப்பக்கத்தைப் பேன்ட்டுக்குள் சொருகிக்கொண்டு மறுபடி ஏறினார். சற்றுத் தூரத்தில் அது வெளியே வந்து சீட்டின் மூக்கில் மாட்டிக்கொண்டது. இறங்க முடியாமல் இறங்கினார். மற்றவர்கள் தலையைத் தாழ்த்திக்கொண்டு ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். போகும்போது யாரும் மணி அடிக்கவில்லை. அந்த மட்டுக்கும் நல்ல மனுசர்கள்.

ஜெபசிங் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்.

ஒரு காற்றாலையின் அடியில் டீச்சர் காத்து நின்றார். கூடவே கிளாட்வினையும் நிறுத்தி வைத்திருந்தார். கிளாட்வின் மதகில் உட்கார்ந்து கடலை மிட்டாய் கடித்துக்கொண்டிருந்தார்.

ஜெபசிங் வந்து சைக்கிளைச் சாய்த்தார். ஜெர்ஸியைக் கழற்றினார். மடிக்கவும் காற்று விடவில்லை. சுருட்டி டீச்சரிடம் கொடுத்தார்.

"புரிஞ்சிட்டு டீச்சர். பெரிய வண்டி வேண்டாம்."

டீச்சர் அதை வாங்கி முதுகுப் பைக்குள் திணித்தார். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் ஜெபசிங்கின் முகத்தைப் பார்த்தார்.

"புரிஞ்ச ஆளு மூஞ்சியா இது?"

ஜெபசிங் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணுமில்ல டீச்சர்."

"சொல்லுங்க."

"வீட்ல நாங்க நாலு ஆம்பளப் பிள்ளைய. நான் கடைசி. மூணு பேரும் போட்டு முடிச்சப் பெறவுதான் சட்டை எனக்கு வரும். அதுல பட்டன் ஒரு கலர், சட்டை ஒரு கலர். எப்பமாவது கிறிஸ்துமஸுக்கு அப்பா புதுசு எடுத்தா, பய வளருவான்னு ரெண்டு சைஸு கூட்டித்தான் எடுப்பாவ. கையை மடிச்சு மடிச்சுப் போடுவேன். நான் அதுக்கு வளர்ந்து வாறதுக்குள்ள அது கிழிஞ்சு போவும்."

கிளாட்வின் மிட்டாய் கடிப்பதை நிறுத்தினார்.

"கல்யாணத்துக்குக் கோட்டு கூட அத்தானோடதுதான். போட்டோவுல எனக்குக் கையே இல்ல. வெரல் நுனிதான் தெரியும். அவ இப்பவும் அதக் காட்டிச் சிரிப்பா. நானும் சிரிப்பேன்." ஜெபசிங் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "இந்த ஒண்ணாவது புதுசா வாங்கணும்னு ஆசப்பட்டேன் டீச்சர். வேற ஒண்ணும் இல்ல. கிளாட்வின் வண்டியில ஒரு கொறையும் இல்ல. ஆனா அதுவும் இன்னொருத்தர் ஓட்டினதுதானே. நமக்கு எப்பவும் பழசுதான்."

காற்றாலையின் இறக்கைகள் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தன. கிளாட்வினுக்குத் தன் சைக்கிளைப் பார்க்கவே கூச்சமாகப் போய்விட்டது. அதில் பெயின்ட் உரிந்த இடங்கள் அன்றைக்கென்று பளிச்சென்று தெரிந்தன.

டீச்சர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை.

"கிளாட்வின் அண்ணே, தோவாளை வரைக்கும் வண்டிய மாத்திக்கிடுங்க."

"நானா? அந்தக் கேரியரையா? இந்தக் காத்துலயா?" என்றார் கிளாட்வின். பிறகு ஜெபசிங்கைப் பார்த்தார். எழுந்துபோய் டெலிவரி சைக்கிளைப் பிடித்தார்.

ஜெபசிங் கிளாட்வினின் சைக்கிளில் ஏறினார். ஆசையோடு ஏறவில்லை, டீச்சர் சொன்னதற்காக ஏறினார். ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டிலில் கையை வைத்தார். கை சும்மா போய் உட்கார்ந்தது. எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. பெடலில் கால் கீழே போய், தானாக மேலே வந்தது. குனிந்தார். முதுகு மறுப்புச் சொல்லவில்லை.

காற்று அப்படியேதான் இருந்தது. ஆனால் அது அவர் தலைக்கு மேலேயும் தோளுக்கு இரண்டு பக்கமும் போய்க்கொண்டிருந்தது.

சற்றுத் தூரம் போன பிறகு ஜெபசிங் மலையைப் பார்த்தார். இத்தனை நாள் இந்த வழியில் வந்திருக்கிறார், மலையைப் பார்த்ததில்லை. முன் சக்கரத்தைத்தான் பார்த்திருக்கிறார். மலை உச்சியில் மேகம் இறங்கியிருந்தது. வயலில் கொக்குகள் காற்றுக்கு எதிராக ஒற்றைக் காலில் நின்றன. ரோட்டோரத்தில் ஒரு பையன் கை காட்டினான். பதிலுக்குக் கை காட்டினார். ஹேண்டில் ஆடவில்லை. ஓட்டுவது எந்தச் சைக்கிள் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. கழுத்தை வருடிப் போன காற்றில் வியர்வை காய்ந்தது. சுகமாக இருந்தது.

தோவாளையில் பூ வாசம் வந்தபோதுதான் ஊர் வந்துவிட்டது என்று தெரிந்தது. இறங்கினார். டீச்சர் ஏற்கனவே இறங்கி, பூக்கடைப் பக்கம் நிழலில் நின்றார். கிளாட்வினைக் காணோம். தூரத்தில் ஒரு மஞ்சள் புள்ளி இரண்டு பக்கமும் ஆடி ஆடி வந்துகொண்டிருந்தது.

ஜெபசிங் சைக்கிளை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றார். பெயின்ட் உரிந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் டீச்சர்.

"நல்லா இருக்கு டீச்சர். பொய் சொல்லக் கூடாது. ரொம்ப நல்லா இருக்கு." கொஞ்சம் தயங்கினார். "ஆனாலும் பழசுதானே."

டீச்சர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தார்.

"அண்ணாச்சி, இதுக்கு முன்னால எதாவது ஒண்ணு உங்க அளவுல உங்களுக்குக் கெடச்சிருக்கா?"

ஜெபசிங் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். சட்டைகளை நினைத்துப் பார்த்தார், செருப்புகளை நினைத்துப் பார்த்தார், கோட்டை நினைத்துப் பார்த்தார். மெடிக்கலில் அவர் உட்காரும் ஸ்டூலில் கூடக் கால் தரையைத் தொட்டதில்லை.

"இல்ல டீச்சர்."

"அப்ப இதுதான் புதுசு."