பொம்மைக்கு லீவு

"மேடம், எங்க வீட்டுல என்கிட்ட பேசறதே இல்லீங்க."

கோதை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பொம்மைகிட்ட சொன்னீங்களாண்ணா?"

நல்லசிவத்துக்குச் சுருக்கென்றது.

சரவணம்பட்டியில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்தது அந்தச் சின்ன மென்பொருள் கம்பெனி. அங்கே ஒரு வழக்கம். ஜன்னலோரம் ஒரு முக்காலி போட்டு, அதன்மேல் தலைப்பாகை கட்டிய தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை ஒன்றை வைத்திருந்தார்கள். யாருடைய ப்ரோக்ராமில் சிக்கல் வந்தாலும், டீம் லீடர் கோதையிடம் போவதற்கு முன்னால் அந்தப் பொம்மையிடம் போய், முதலிலிருந்து கடைசி வரை வாய்விட்டுச் சொல்லவேண்டும். மனசுக்குள் சொன்னால் செல்லாது.

புதிதாக வந்தவர்கள் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டேதான் சொல்ல ஆரம்பிப்பார்கள். பாதி சொல்லும்போதே தலையில் தட்டிக்கொண்டு, தப்பு எங்கே என்று தெரிந்தவர்களாக இடத்துக்கு ஓடிவிடுவார்கள். பொம்மை அதுபாட்டுக்கு ஃபேன் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும்.

கோதையிடம் வந்து சேருகிற கேள்வி கொஞ்சம்தான். அதற்கும் அவள் சட்டென்று பதில் சொல்லிவிட மாட்டாள். அவளை எல்லோரும் குரு என்றார்கள், முதுகுக்குப் பின்னால்தான்.

நல்லசிவம் அவளைவிடப் பத்து வயசாவது மூத்தவர். கெட்டிக்காரர். ஆனால் முந்திரிக்கொட்டை. எதிராளியின் கேள்வி பாதியில் இருக்கும்போதே இவருடைய பதில் வந்து நிற்கும். அது பெரும்பாலும் சரியான பதில்தான், அதையும் சொல்லிவிடவேண்டும். சரியாகச் சொல்லுகிற முந்திரிக்கொட்டையை யார் என்ன செய்யமுடியும்?

"இது வீட்டு விஷயம் மேடம்" என்றார்.

"வீட்டு விஷயத்துக்கு அது தலையாட்டாதா?"

போனார். வேறு வழி?

முக்காலிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, பொம்மையிடம் சொல்ல ஆரம்பித்தார்.

அவருடைய மனைவி பூங்கொடிக்கு விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஈரத்தாளில் விதையை வைத்து, எத்தனை முளைக்கிறது என்று பார்க்கிற வேலை. பரமக்குடிக்கு மாற்றல் ஆகிப் போய் ஒரு வருஷமாகிறது. போன புதிதில் சாயங்காலம் ஃபோனை எடுத்தால் வைக்கமாட்டாள். அந்த ஊர்த் தண்ணி உப்பு என்பாள். உடனே இவர் வடிகட்டும் கருவி எது நல்லது என்று பார்த்து அனுப்பிவிடுவார். வீட்டுக்காரம்மாவின் பூனை பாலைக் குடித்துவிட்டது என்பாள். ஜன்னலைச் சாத்து என்பார்.

ஒருநாள், செத்துப்போன அம்மா ஞாபகமாகவே இருக்கிறது என்றாள்.

நல்லசிவம் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து மாமியாரின் படங்களை எல்லாம் தேடி எடுத்து, தேதிவாரியாக ஒரே இடத்தில் போட்டு, அவளுக்கு அனுப்பிவைத்தார். ஆபீசில் ஒரு கோளாறு தீர்ந்தால் 'க்ளோஸ்டு' என்று எழுதுவார்கள். அதையும் கீழே எழுதினார். விளையாட்டுக்குத்தான் எழுதினார்.

அவள் 'ம்' என்று பதில் போட்டாள்.

அன்றிலிருந்து 'ம்' மட்டும்தான். சாப்பிட்டாச்சா, சாப்பிட்டாச்சு, வெச்சிடட்டுமா, ம். அவ்வளவு பெரிய வீட்டில் அந்த ஒரு எழுத்தை வைத்துக்கொண்டு மனுஷன் என்ன செய்வான்?

இப்போது கோயமுத்தூரில் ஒரு இடம் காலியாகிறது. திரும்பி வர விருப்பம் என்றால் திங்கட்கிழமைக்குள் எழுதிக் கொடுக்கவேண்டும். வருகிறாயா என்று கேட்டதற்கு, "எங்க இருந்தா என்னங்க" என்றுவிட்டாள்.

இதோடு நல்லசிவம் நிறுத்திக்கொண்டார். அவள் குரல் இல்லாமல் வீடு வீடாக இல்லை என்பதையும், போன வருஷம் அவள் குரல் பதிவாக அனுப்பிய பூனைக் கதையைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பதையும் பொம்மையிடம்கூடச் சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லாமல் எழுந்தார்.

பொம்மை ஆடிக்கொண்டிருந்தது.

"சொல்லிட்டேன் மேடம். ஒண்ணும் புரியல. அது சும்மா தலையாட்டுது."

கோதை எழுந்து வந்தாள். பொம்மையைத் தூக்கித் தன் மேசை இழுப்பறையில் வைத்து மூடினாள். முக்காலியைத் துப்பட்டாவால் ஒரு தட்டு தட்டினாள்.

"பொம்மைக்கு லீவு. நீங்க உக்காருங்கண்ணா."

"நானா?"

"பேசக்கூடாது. தலையாட்டலாம்."

"எத்தனை நாளைக்கு?"

"அது ஒருநாளும் கேட்டதில்லையே" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

ஆபீசே ஓரக்கண்ணால் பார்த்தது. நல்லசிவம் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்தார்.

முதலில் வந்தவள் ஜெனிட்டா. சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அவள் எழுதிய பக்கத்தில் ஒருமுறை பொத்தானை அழுத்தினால் ரசீது இரண்டு வருகிறதாம்.

இரண்டாவது வாக்கியத்திலேயே நல்லசிவத்துக்கு விடை தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தார். தூரத்தில் கோதை இருமினாள். மூடிக்கொண்டார். வாய்க்குள் அந்த விடை கொதிக்கிற கஞ்சி மாதிரி கிடந்தது.

ஜெனிட்டா சொல்லிக்கொண்டே போனாள். ஐந்தாவது வாக்கியம் வந்தது, ஆறாவது வந்தது. அப்போதுதான் தெரிந்தது, சிக்கல் இவர் நினைத்த இடத்திலேயே இல்லை. வேறெங்கோ இருந்தது. அதை அவளே கண்டுபிடித்தாள்.

"ரொம்ப தேங்க்ஸ்ண்ணா" என்று ஓடினாள்.

நான் ஒன்றும் பண்ணவில்லையே என்று சொல்லக்கூட அவருக்கு அனுமதி இல்லை.

அன்று முழுக்க இப்படியே போயிற்று. எத்தனை பேருக்கு, எத்தனை வருஷமாக, இரண்டாவது வாக்கியத்திலேயே பதில் சொல்லி அனுப்பியிருக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்கு முகம் வேர்த்தது.

மறுநாள் மத்தியானம் ரஹ்மத்துல்லா வந்தான். சர்வர் ஒன்று அடிக்கடி நின்றுபோகிறது என்று ஆரம்பித்தான். நல்லசிவம் தலையாட்டினார். அவன் நிறுத்தினான். இவர் பேசவில்லை. அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். பிறகு, பெற்ற அத்தாவுக்கே இப்போதெல்லாம் என் குரல் அடையாளம் தெரிவதில்லை அண்ணா, ஃபோன் பண்ணினால் யார் தம்பி நீங்க என்று மரியாதையாகக் கேட்கிறார் என்றான்.

அதைச் சொல்ல அவன் வரவில்லை. அவனுக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும்.

நல்லசிவத்துக்கு ஒரு நல்ல டாக்டரைத் தெரியும். காந்திபுரத்தில் இருக்கிறார். பெயர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பெயரைச் சொல்லப்போய் அவனைப் பார்த்தார்.

தலையாட்டினார்.

ரஹ்மத்துல்லா முகத்தைத் துடைத்துக்கொண்டான். "வர்றேண்ணா" என்று எழுந்தான். சர்வரைப் பற்றி இரண்டு பேருமே மறந்துபோனார்கள்.

அன்று டீ குடிக்கும்போது நல்லசிவம் கோதையிடம் கேட்டார்.

"பொம்மை எப்ப மேடம் திரும்பி வரும்?"

"ஏன், முதுகு வலிக்குதா?"

"இல்லீங்க. வாய் வலிக்குது."

கோதை சிரித்தாள். தன் பிஸ்கட்டில் பாதியை உடைத்து அவர் கையில் வைத்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம். ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கீழே பேக்கரியில் தேங்காய் பன் வேகும் வாசனை மேலே வந்தது. நல்லசிவம் முக்காலியைவிட்டு எழவில்லை. வீட்டுக்குப் போனால் அங்கே யார் இருக்கிறார்கள்? அங்கிருந்தபடியே பூங்கொடிக்கு ஃபோன் போட்டார்.

"சாப்பிட்டாச்சா?" என்றார்.

இன்னும் இல்லை என்றாள். சோறு வைத்திருக்கிறாளாம். தண்ணி இன்றைக்கு ரொம்ப உப்பாம், சோறுகூடக் கரிக்கிறதாம்.

வடிகட்டும் கருவியை ஏன் இன்னும் வாங்கவில்லை என்கிற கேள்வி அவர் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது.

நல்லசிவம் தலையாட்டினார்.

ஃபோனில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும்?

"லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

அவள் காத்திருந்தாள். வழக்கமாக வருகிற யோசனை வரவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள்.

"என்ன, ஒண்ணும் சொல்லலையா?"

"நீ சொல்லு."

தயங்கித்தான் ஆரம்பித்தாள். இன்று வேலை செய்யும் இடத்தில் அழுதுவிட்டாளாம். காரணம் ஒன்றும் பெரிதில்லை. யாரோ ஒரு விவசாயி பரிசோதனைக்கு அவரைக்காய் விதை கொண்டுவந்திருக்கிறார். அதை ஈரத்தாளில் பரப்பும்போது அம்மாவின் புடவைத் தலைப்பு ஞாபகம் வந்துவிட்டது. அம்மா பழைய புடவைத் தலைப்பைக் கிழித்து நனைத்து, அந்த ஈரத்துணியில் விதையை முடிந்து அடுப்படி மூலையில் வைப்பாளாம். முளைவிட்டதா என்று தினமும் காலையில் பூங்கொடியைத்தான் அவிழ்த்துப் பார்க்கச் சொல்வாளாம். பார்த்துவிட்டு வந்து சொன்னால், இவள் கை ராசியான கை என்பாளாம். இப்போது அவள் தினமும் அதைத்தான் செய்கிறாள், வந்து சொல்லத்தான் அம்மா இல்லை.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நல்லசிவம் இதைக் கேட்டதே இல்லை. படங்களைத் தேதிவாரியாக அடுக்கினாரே, அதில் எதிலும் ஈரத்துணி இல்லை. அவருக்குக் கண் கரித்தது. தலையை ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"இருக்கீங்களா?"

"இருக்கேன், பூங்கொடி."

கோதை பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். இழுப்பறையைத் திறந்து பொம்மையை வெளியே எடுத்தாள். முக்காலியில் ஃபோனைக் காதில் வைத்தபடி தலையாட்டிக்கொண்டிருந்தவரைப் பார்த்தாள். பொம்மையைத் திரும்ப உள்ளே வைத்து மூடிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் படியிறங்கினாள்.

பூங்கொடி பூனையைப் பற்றிச் சொன்னாள். குட்டி போட்டிருக்கிறதாம். வீட்டுக்காரம்மா திட்டிக்கொண்டே பால் வைக்கிறாளாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள். இத்தனை நாளும் பழைய பதிவில் போட்டுப் போட்டுக் கேட்ட அதே சிரிப்பு. நல்லசிவம் மூச்சுவிடப் பயந்தார்.

திங்கட்கிழமை என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டுவிடத் துடித்தது. அந்த ஒரு கேள்வியை அடக்கியதற்கு முன்னால் மற்றதெல்லாம் ஒன்றுமே இல்லை. கேட்கவில்லை.

அவள்தான் கேட்டாள்.

"ஏங்க, நம்ம சமையக்கட்டுக் கதவு இன்னும் கிரீச்சுனு கத்துதா?"

"கத்துது."

"எதைப் பார்த்தாலும் சரிபண்ற ஆளு, ஒரு சொட்டு எண்ணெய் விடலையா?"

"விடல."

"ஏன்?"

நல்லசிவம் முக்காலியில் நகர்ந்து உட்கார்ந்தார்.

"விடியக்காலைல அந்தச் சத்தம் கேட்டுத்தான் நீ எந்திரிச்சுட்டேன்னு எனக்குத் தெரியும். இப்ப எப்பவாவது காத்துல கத்தும். கத்தினா, நீ உள்ள இருக்கிற மாதிரி இருக்கும்."

ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"லைன்ல இருக்கியா?"

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"எண்ணெய் விட்டுறாதீங்க" என்றாள். "திங்கக்கிழமை வரைக்கும் எதுக்கு, நாளைக்கே எழுதிக் குடுத்துடறேன்."