ஜன்னலோரப் படுக்கைக்காரர்

"இந்த ஊர் எனக்குச் சரிப்படாது டாக்டர்" என்றாள் நசீமா.

டாக்டர் ஆகோதா கை கழுவிக்கொண்டிருந்தார். நசீமாவின் வகுப்புக்கு அறுவை சிகிச்சைப் பாடம் எடுப்பவர் அவர். வயதில் ஒரு அக்காள் அளவுதான் மூப்பு.

"எந்த ஊர் சரிப்படும்?"

"நோயாளி பேசுவது எனக்குப் புரிகிற ஊர்."

ஆகோதா குழாயை மூடினார்.

நசீமாவால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. ஜன்னல்வரை போனாள். திரும்பி வந்தாள்.

மேல்விசாரத்திலிருந்து ஹங்கேரிக்கு அவள் வந்தது ஆங்கிலத்தை நம்பித்தான். மருத்துவப் படிப்பு முழுக்க ஆங்கிலத்தில் என்றார்கள். பொய்யில்லை. பாடம் ஆங்கிலம், புத்தகம் ஆங்கிலம், பரீட்சை ஆங்கிலம். முதலிரண்டு வருடமும் வகுப்பில் அவள்தான் முதல்.

பிறகு வார்டுக்குள் விட்டார்கள். அங்கே கட்டிலில் படுத்திருந்தவர்களுக்கு ஆங்கிலம் தெரியவில்லை.

உள்ளூர் மாணவர் யாராவது பக்கத்தில் நின்று மொழிபெயர்ப்பார்கள். நோயாளி ஐந்து நிமிடம் அழுதபடி பேசுவார். "இடுப்பு வலிக்கிறதாம்" என்பார்கள் இவர்கள். மீதி எங்கே போனது என்று நசீமாவுக்குத் தூக்கம் வராது. ஹங்கேரி மொழியைப் படிக்க உட்கார்ந்தால் நாக்கு புரளவில்லை. ஒரு மாதம் படிப்பாள், எரிச்சலில் மூடி வைப்பாள்.

"அயர்லாந்தில் ஒரு கல்லூரியில் இடம் இருக்கிறது" என்றாள். "இன்று மூன்று மணிக்குக் கம்ப்யூட்டரில் நேர்காணல். அங்கே எல்லாரும் ஆங்கிலம் பேசுவார்கள்."

"நல்லது" என்றார் ஆகோதா. "மூன்று மணிக்கு இன்னும் நேரமிருக்கிறது. ஜன்னலோரப் படுக்கையில் ஒருவர் இருக்கிறார். அவருக்கு என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு வா."

"கூட யார் வருவார்கள்?"

"யாரும் வரமாட்டார்கள்."

*

ஜன்னலோரத்தில் படுத்திருந்தவர் பஸ் டிரைவர். பருத்த உடம்பு, சிவந்த மூக்கு. குடல்புண் என்று வந்து சேர்ந்தவர். சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தார்கள். இப்போதே சட்டை மாட்டி, ஷூவையும் போட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

நசீமாவுக்கு அந்த மொழியில் மனப்பாடமாகத் தெரிந்த வாக்கியம் ஒன்று உண்டு. எங்கே வலிக்கிறது?

கேட்டாள்.

டிரைவர் மடை திறந்ததுபோல் பேசினார். கைகளை விரித்தார், கண்ணைச் சிமிட்டினார். அடுத்த படுக்கைக்காரர் சிரித்தார். அதற்கடுத்தவரும் சிரித்தார். தன்னைத்தான் கேலி செய்கிறார்கள் என்று நசீமாவுக்குத் தோன்றியது.

திரும்பி வந்தாள்.

"என்ன செய்கிறதாம்?" என்றார் ஆகோதா.

"நிறையப் பேசினார். எனக்குப் புரியவில்லை."

"மறுபடியும் போ."

போனாள். இந்தத் தடவை காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். வந்தாள்.

"பஸ் என்றார். சனிக்கிழமை என்றார். மகள் என்றார்."

"அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லையே" என்றார் ஆகோதா. "மறுபடியும் போ."

நசீமாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. போகிற நேரத்தில் எதற்கு இந்த அவமானம்? பையை எடுத்துக்கொண்டு அப்படியே விடுதிக்குப் போய்விடலாம் என்றிருந்தது. கால்கள் என்னவோ வார்டுக்குத்தான் போயின.

கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கேட்க ஒன்றுமில்லை. கேட்டாலும் புரியப்போவதில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிரைவர் மறுபடி எதையோ சொன்னார். வார்டே சிரித்தது. அவரும் சிரித்தார்.

வாய் சிரித்தது. வயிறு குலுங்கவில்லை.

அவ்வளவு பெரிய வயிறு. சிரிப்புக்கு அசையவில்லை, மூச்சுக்கும் அசையவில்லை. கைகள் ஓயாமல் ஆடின. மற்றபடி கழுத்துக்குக் கீழே மனிதர் மரக்கட்டைபோல் கிடந்தார்.

சாப்பாட்டு வண்டி வந்தது. தள்ளிக்கொண்டு வந்த அம்மாள் திரும்பும்போது அதன் சக்கரம் கட்டில் காலில் லேசாக இடித்தது.

டிரைவரின் முகம் ஒரு கணம் வெளுத்து மீண்டது.

"என்னங்க பண்ணுது உங்களுக்கு?" என்றாள் நசீமா. தமிழில்தான் வந்தது.

அவர் பேச்சை நிறுத்தினார். அவளையே பார்த்தார். நெற்றியில் வியர்வை பூத்திருந்தது.

தொடட்டுமா என்று கையால் கேட்டாள். அவர் சட்டைப் பொத்தானை மெல்லத் தானே கழற்றினார்.

*

இந்தத் தடவை நசீமா நடந்து வரவில்லை. ஓடி வந்தாள்.

"என்ன சொன்னார்?" என்றார் ஆகோதா.

"தெரியாது டாக்டர். வயிறு பலகை மாதிரி இருக்கிறது."

ஆகோதா வேறு கேள்வி கேட்கவில்லை. எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. இருவரும் தாழ்வாரத்தில் ஓடினார்கள்.

புண் குடலைத் துளைத்துவிட்டிருந்தது. அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் வழியிலேயே சரிந்திருப்பார். அறுவை மேஜையருகே நசீமா ஆகோதாவுக்கு எதிரே நின்றாள். பிடி என்றபோது பிடித்தாள், விடு என்றபோது விட்டாள். கடைசித் தையல் போடும்வரை சுவர்க் கடிகாரத்தை அவள் பார்க்கவே இல்லை.

வெளியே வந்தபோது டிரைவரின் மனைவி நின்றுகொண்டிருந்தாள். ஆகோதா அவளிடம் ஏதோ சொன்னார். அவள் சுவரில் சாய்ந்து அழுதாள், பிறகு சிரித்தாள்.

"சனிக்கிழமை மகளுக்குக் கல்யாணமாம்" என்றார் ஆகோதா. "எப்படியாவது வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்."

இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது.

"உன் நேர்காணல்?"

"முடிந்துபோயிருக்கும்."

"வேறு நாள் கேட்கலாம். நானே அவர்களுக்குச் சொல்கிறேன்."

நசீமா கையுறை கழற்றிய தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் காலையில் அவரைப் பார்த்தீர்களா டாக்டர்?"

"பார்த்தேன்."

"கேட்டீர்களா?"

"கேட்டேன். எப்படி இருக்கிறது என்று."

"என்ன சொன்னார்?"

ஆகோதா தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நன்றாக இருக்கிறேன் என்றார். எனக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது."