சந்தனப் பொட்டு வைத்த கேமரா

நாகர்கோவிலில் ரெஜினா டீச்சர் நெட்வொர்க் வேலை கற்றுக்கொடுத்து வந்தார். அவரிடம் படித்தவர்களில் மூத்தவர் தாணுமாலயன்; டீச்சரைவிடவே வயதில் பெரியவர். சொன்னதை உடனே பிடித்துக்கொள்வார். செய்வதற்குத்தான் நாள் நட்சத்திரம் பார்ப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டீச்சரைத் தன் வீட்டுக்கு அழைத்தார்.

"கார் வீட்டு வைஃபையிலே நிக்க மாட்டேங்கு டீச்சர். மேப் அப்டேட் பாதியிலே நின்னுபோகுது. அது சரியானாத்தான் மதுரைக்குப் போயி மகளைப் பாக்கணும்."

மகள் பகவதி மதுரையில் ஹாஸ்டலில் இருந்தாள். அப்பாவோடு பேசி மாதக்கணக்காகிறது. ஹாலில் அவள் வீட்டு உடுப்பில் பாட்டுக்கு ஆடிய வீடியோ ஒன்று ஊரெல்லாம் போனில் சுற்றியது. "எவனுக்கு அனுப்புன?" என்று கேட்டுக் கன்னத்தில் அறைந்திருந்தார் தாணுமாலயன். நான் எடுக்கவே இல்லை என்று அவள் அழுதாள். அவர் நம்பவில்லை.

டீச்சர் காருக்குள் உட்கார்ந்து திரையைப் பார்த்தார்.

"கார் மேல தப்பில்ல அண்ணாச்சி. உங்க வைஃபை இங்க மெலிசாத்தான் வருது. அதை விட்டுட்டு, பக்கத்துல பூட்டில்லாம கிடக்கிற இன்னொண்ணைப் பிடிச்சுக்குது. அதுல நெட் கிடையாது."

"இன்னொண்ணா? யாரோடது?"

"உங்க ஹால் கேமராவோடது. அதுவே தனியா ஒரு வைஃபை விடுது."

"அதுவா? புதுவீட்டுப் பால்காய்ப்புக்கு மச்சினன் தந்தது. சந்தனப் பொட்டு வெச்சு ஷோகேஸுக்கு மேல மாட்டுனேன்."

"பாஸ்வேர்டு வெச்சீங்களா?"

"நம்ம வீட்டை எவன் பாக்கப்போறான்னு..." என்று தொடங்கியவர் ஹால் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

டீச்சர் கேட்டைத் திறந்து அவரைத் தெருவுக்குக் கூட்டிப்போனார். அங்கே நின்றபடியே அந்தப் பூட்டில்லாத வைஃபையைத் தன் போனில் பிடித்து அவரிடம் நீட்டினார்.

திரையில் ஹால் தெரிந்தது. அவர் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். மேலிருந்து, கொஞ்சம் சாய்வாகத் தெரிந்தது. பகவதியின் வீடியோவும் இதே சாய்வில்தான் இருந்தது.

"பாவி, பிள்ளையைக் கைநீட்டி அடிச்சிட்டேனே," என்றார்.

டீச்சருக்கும் மனசு கஷ்டப்பட்டது. பாஸ்வேர்டு போடாமல் எதையும் மாட்டக் கூடாது என்பது வகுப்பில் முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம்.

இருவரும் உள்ளே போய்க் கேமராவுக்குப் பாஸ்வேர்டு போட்டார்கள். காரும் வீட்டு வைஃபையைப் பிடித்துக்கொண்டது. வேலை அவ்வளவுதான்.

டீச்சர் கிளம்பும்போது அவர் கார்க் கதவைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"மேப் அப்டேட் முடியட்டும் டீச்சர். முடிஞ்சதும் போறேன்."

டீச்சர் கார்ச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"மதுரைக்கு நேர் ரோடுதான் அண்ணாச்சி."