முயல் புழுக்கையைக் கொண்டுபோன காட்டுப்பூனை

பிள்ளைகளே, இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயமாகவே இருக்கிறது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். புழுவைப் பற்றிச் சொல்லும் இடத்தில் ஏதாவது பிசகினால் உங்கள் டீச்சரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். பூனை செய்த காரியம் மட்டும் பிசகாது. அதை மறக்கவே முடியாது.

ஒரு காட்டில், ஓடையோரப் புதரில், ஒரு காட்டுப்பூனை தன் ஒரே குட்டியோடு வாழ்ந்து வந்தது. குட்டியின் பெயர் தூவி.

காட்டுப்பூனைக்குச் சுத்தம் என்றால் உயிர். நாளுக்குப் பத்து முறை உடம்பை நக்கிக்கொள்ளும். வெளிக்குப் போனால் மண்ணைத் தள்ளி மூடி, மோந்து பார்த்து, இன்னும் கொஞ்சம் மூடும். அதற்குத் தோதான இடம் வாசலிலேயே இருந்தது. ஓடை ஈரமும் புதர் நிழலும் சேர்ந்த மெத்தென்ற மண். தாயும் குட்டியும் தினமும் அங்கேதான்.

"யானையைப் பார், போட்டது போட்டபடி போகிறது. மான் நடந்துகொண்டே போடுகிறது. சீ! நம் வம்சம் அப்படியா?" என்று பூனை குட்டியிடம் சொல்லும்.

அந்த மழைக்காலத்தில் தூவி வாடத் தொடங்கியது. முதலில் பாதம் அரிக்கிறது என்றது. பிறகு ஈறு வெளுத்தது. நாலடி ஓடினால் மூச்சு வாங்கியது. ஆள் இல்லாத நேரத்தில் மண்ணை நக்கித் தின்றது.

பக்கத்து மரத்து மைனா எட்டிப் பார்த்தது.

"என்ன பூனையக்கா, பிள்ளை சுண்ணாம்பு மாதிரி கிடக்கிறது? வயிற்றில் புழு இருக்கும். சாணிவண்டிடம் காட்டுங்களேன்."

"புழுவா? என் வீட்டிலா?" பூனைக்கு முதுகு மயிர் சிலிர்த்தது. "போய்ப் பன்றி வீட்டில் சொல். பொருத்தமாக இருக்கும்."

சாணிவண்டுதான் அந்தக் காட்டின் வைத்தியர். மற்றவர்கள் கழித்ததை உருட்டி உருட்டிப் பார்த்தே, யார் வயிற்றில் யார் குடியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடும். நல்ல காரியங்களுக்கு அதை யாரும் அழைப்பதில்லை. வயிறு வலித்தால் மட்டும் அழைப்பார்கள்.

மறுநாள் தூவி பாலைக்கூடத் தொடவில்லை. பூனை வேறு வழியில்லாமல் வண்டிடம் போனது.

"ஏ வண்டே, பிள்ளைக்குக் கொஞ்சம் சோர்வு. ஏதாவது மருந்து கொடு."

"பார்க்காமல் மருந்தில்லை, பூனையம்மா. காலையில் பிள்ளை போனதும் மூடாமல், ஓர் இலையில் கொஞ்சம் எடுத்து வாருங்கள்."

"மூடாமலா? நாலு பேர் பார்க்கத் தூக்கிக்கொண்டு வரச் சொல்கிறாயா?"

"எல்லாரும் அப்படித்தான் வருகிறார்கள். நேற்று புலி வந்தது."

"புலியா!"

"ஆமாம். இலைதான் கொஞ்சம் பெரியது."

காலையில் பூனை வெற்று இலையோடு புறப்பட்டது. வழியில் முயல் புழுக்கைகள் கிடந்தன. உருண்டையாக, உலர்ந்து, மணமே இல்லாமல்.

'கொடுத்தால் இப்படியல்லவா கொடுக்க வேண்டும்!' என்று நினைத்தது பூனை. நான்கைப் பொறுக்கி இலையில் வைத்துக்கொண்டது.

வண்டு ஒன்றை உடைத்துப் பார்த்தது. இன்னொன்றை உருட்டிப் பார்த்தது.

"பூனையம்மா, பிள்ளை என்ன சாப்பிடுகிறது? வெறும் புல்லாக இருக்கிறதே."

பூனை தலையை நிமிர்த்தியது. "நாங்கள் இப்போது சைவம்."

"எலி?"

"தொடுவதே இல்லை."

பூனையின் மீசையில் எலி மயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. வண்டு அதைப் பார்த்துவிட்டுச் சொன்னது: "இதைப் போட்டவருக்கு ஒரு நோயும் இல்லை. நூறு வயது இருப்பார். ஆனால் உங்கள் பிள்ளையினுடையதை நான் இன்னும் பார்க்கவில்லை."

பூனை முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடியது. மைனா அதைக் காடெல்லாம் பரப்பியது.

"தூவிக்கு நோய் இல்லை! பூனையக்கா சைவம்!"

அதை நம்பி இரண்டு எலிகள் வளையை விட்டு வெளியே வந்தன. அவை திரும்பிப் போகவில்லை.

மூன்றாம் நாள் ஓடையில் தண்ணீர் குடிக்கப் போன தூவி அங்கேயே சரிந்து விழுந்தது. பூனை பாய்ந்துபோய்ப் பிடரியைக் கவ்வித் தூக்கியது. போன மாதம் தூக்கக் கனத்த குட்டி இப்போது காய்ந்த சருகு போல வந்தது.

"அம்மா, கீழே விடு," என்று முனகியது தூவி. "குழி பறிக்க வேண்டும்."

பறிக்க அதற்குத் தெம்பு இல்லை. இருந்த இடத்திலேயே வெளிக்குப் போய்விட்டது. போனது தார் போலக் கறுப்பாக இருந்தது.

பூனையின் கால் பழக்கத்தில் மண்ணைத் தள்ளப் போனது. பாதியில் நின்றது. குட்டியின் கண் செருகிக்கொண்டிருந்தது.

பூனை ஓர் இலையைப் பறித்து, அதில் கொஞ்சம் எடுத்துக்கொண்டது. உச்சி வெயிலில், எல்லா விலங்குகளும் தண்ணீர்த் துறையில் கூடியிருந்த நேரத்தில், அந்த இலையை வாயில் ஏந்தி நடுவே நடந்தது.

"சைவச் சாப்பாடா அக்கா, இவ்வளவு கறுப்பு?" என்று கத்தியது ஒரு குரங்கு. துறையே சிரித்தது. பூனை திரும்பிப் பார்க்கவில்லை.

"ஐயா," என்றது வண்டிடம். "இது என் பிள்ளையினுடையதுதான்."

வண்டு பார்த்ததும் தலையை ஆட்டியது.

"கொக்கிப்புழு. முட்டையும் ரத்தமுமாக இருக்கிறது. குடலைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும். வெளுக்காமல் என்ன செய்யும்?"

"கண்டதை நான் தின்னக் கொடுக்கவில்லையே ஐயா! எந்த வழியாக உள்ளே போனது?"

"வாய் வழியாகவும் போகும், பாதம் வழியாகவும் போகும். நீங்கள் எங்கே மூடுகிறீர்கள்?"

"வாசலில். ஈர மண்ணில்."

"முட்டை பொரிக்க ஈரமும் நிழலும் போதும். அதிலிருந்து வந்த புழு மண்ணிலேயே காத்திருக்கும். மெல்லிய பாதம் பட்டதும் தோலைத் துளைத்துக்கொண்டு ஏறிவிடும். இரண்டு காலில் நடக்கிறார்களே, ஊரில் இருப்பவர்கள், அவர்களுக்கென்றும் கொக்கிப்புழு உண்டு. அவர்களும் உங்களைப் போலச் சுத்தக்காரர்கள். வெறுங்காலோடு புதர்ப் பக்கம் ஒதுங்குவார்கள். வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொள்வார்கள்."

"நான் மூடினேனே, ஐயா!"

"உங்கள் கண்ணுக்கு மூடினீர்கள். புழுவுக்குப் போர்வை போர்த்திவிட்டீர்கள்."

வண்டு கசப்பு மருந்து கொடுத்தது. குடியிருப்பை வெயில் காயும் பாறை மேட்டுக்கு மாற்றச் சொன்னது. வெளிக்குப் போகும் இடம் வீட்டுக்குத் தொலைவில் இருக்க வேண்டும் என்றது. பூனை அத்தனையும் செய்தது. ஒரு மாதத்தில் தூவியின் ஈறு சிவந்தது. மரக்கிளையில் ஏறி மைனாவின் வாலைப் பிடிக்கப் போனது.

மைனா தப்பிப் பறந்து வந்து கேட்டது. "பிள்ளைக்கு என்னதான் வந்தது, அக்கா?"

பூனை மீசையை நீவிக்கொண்டது. "கண்ணேறு. வேறென்ன? நாங்கள் சைவமானதும் எல்லார் கண்ணும் பட்டுவிட்டது."

மைனா நம்பியது. மைனா சொல்லிக் காடு நம்பியது. மறுவாரம் ஒரு நரி, நான்கு குட்டிகளோடு அந்தப் பழைய ஓடையோரப் புதரில் குடியேறியது.

"சுத்தக்காரப் பூனை இருந்த வீடு," என்று குட்டிகளிடம் பெருமையாகச் சொன்னது நரி. "தாராளமாக விளையாடுங்கள்."

பிள்ளைகளே, ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு சின்ன டப்பா கொடுத்துப் பத்து நாளாகிறது. வெட்கப்பட்டு அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். இன்று காலை செருப்பை மாட்டிக்கொண்டு போய், என்னுடையதையே, என் பெயரைச் சொல்லியே கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

நீதி: வைத்தியரிடம் மறைத்த நோய் வீட்டோடு வளரும்.