ரயில்வே கேட்டில் நின்ற அலை

புன்னைக்குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் புளுகும்போது பக்கத்தில் இருந்துவிட்டு, கடைசிவரை கேட்டு மறுக்காமல் பாதியில் எழுந்து போனால், போனவர் அதை ஒத்துக்கொண்டதாக அர்த்தம். மறுநாள் ஊரெல்லாம் அவரையே சாட்சிக்கு இழுப்பார்கள். அதனால் புளுகு முடிகிறவரை அங்கே ஒருவரும் நகரமாட்டார்கள், அடுப்பில் குழம்பு தீய்ந்தாலும் சரி.

வருவாய் ஆய்வாளர் செண்பகவல்லிக்கு இது தெரியாது. அவள் கவலை வேறு. சுனாமி ஒத்திகை என்று மேலிடத்தில் ஓர் ஏற்பாடு. சைரன் ஊதிய இருபது நிமிஷத்துக்குள் ஊர்ச் சனம் மொத்தமும் மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் நிற்க வேண்டும். அந்தக் கரையில் உயரம் என்று சொல்ல அது ஒன்றுதான் உண்டு. முதல் ஒத்திகையில் சைரன் ஊதியதும் ஊரே கடலைப் பார்த்து ஓடியது, அலை வருகிறதா என்று பார்க்க. இரண்டாவதில் ஆண்கள் படகை மேட்டுக்கு இழுக்கப் போனார்கள். பெண்கள், படகுதான் உனக்குப் பெரிசா என்று திட்ட அவர்கள் பின்னால் போனார்கள். மொட்டைமாடியில் செண்பகவல்லியும் ஒரு வெள்ளாடும் மட்டும் நின்றார்கள்.

இன்று மூன்றாவது. இதுவும் கெட்டுப்போனால் அந்த மாடிக் கட்டடத்தைப் 'பயன்படாத கட்டடம்' என்று எழுதி, சிமெண்டு மூட்டை அடுக்கக் கொடுத்துவிடுவார்கள். பூட்டுகூட வாங்கியாகிவிட்டது. அப்புறம் நிஜமாகவே அலை வந்தால் இந்த ஊர் எங்கே ஏறும்? ஒரு வாரமாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சரியாகப் பத்து மணிக்கு சைரன் பொத்தானை அழுத்தினாள். சத்தம் இல்லை. எலி வயரைத் தின்றிருந்தது.

மீன் ஏலக் கொட்டகைக்கு ஓடினாள். பாதி ஊர் அங்கேதான் இருந்தது. சைரன் ஊதியதாக நினைத்துக்கொண்டு தயவுசெய்து எல்லாரும் வாருங்கள் என்று கேட்டுக்கொண்டாள். வலை பின்னிக்கொண்டிருந்த அஞ்சப்பன் தலை நிமிராமல், "ஊதாத சைரனுக்கு எப்படி மேடம் ஓடுறது?" என்றான். நியாயமான கேள்விதான்.

அப்போது மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்த தூண்டிக்காரன் வெற்றிலையைத் துப்பினார். எழுபது தாண்டியவர். பெரிய அலை வந்த வருஷத்தைப் பற்றி அவர் விடாத புளுகு இல்லை. ஆனால் அன்றைக்கு அலையோடு போனவர்களைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இருக்காது.

"சைரனைக் கேட்டா நான் பொழைச்சேன்? என்னைப் பாத்ததும் அலைதான் நின்னுபோச்சு."

மீன்கூடையோடு நின்ற அவருடைய அக்காள் மகள் குஞ்சம்மாள், "எங்க மாமா நின்னுச்சு?" என்று கேட்டுவிட்டாள்.

"வா, காட்டுறேன்."

எழுந்து நடந்தார். கேட்டவர்கள் எல்லாரும் எழ வேண்டியதாயிற்று. அஞ்சப்பன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டான்.

மாரியம்மன் கோயில் வாசலில் நின்றார். மூன்று பனை உயரத்துக்கு அலை வந்ததாம். பயந்து ஓடினால் அது துரத்தும். மரியாதை தெரிந்த ஆள்போல நின்று பேச வேண்டும், அதுதான் முதல் உபாயம். கோயிலுக்குள் இப்படியா வருவாய் என்று இவர் ஓர் அதட்டல் போட, அலை கூசிப்போய், நுரையைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்ததாம்.

அன்றைக்கு அவர் வேதாரண்யத்தில் மகள் வீட்டில் அல்லவா இருந்தார் என்று அஞ்சப்பன் பிடித்தான்.

"ஆமா. அங்கேருந்து நான் வர்ற வரைக்கும் அது இங்க காத்துக்கிட்டு நின்னுச்சு. வழியில டீ குடிச்சதுல கொஞ்சம் தாமதம்."

ரேஷன் கடை வந்தது. மண்ணெண்ணெய்க்கு நின்ற வரிசை, என்ன புளுகுகிறார் என்று காதைக் கொடுத்து மாட்டிக்கொண்டது. கடைக்காரரும் கடையைப் பூட்டிக்கொண்டு வந்தார். அலைக்குள் நீந்தக் கூடாது, நடக்க வேண்டும் என்றார் தூண்டிக்காரன். வஞ்சிர மீன்கள் படிக்கட்டுமாதிரி வரிசையாக நின்றனவாம். அதில் மிதித்து ஏறி உச்சியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாராம். அலை ஊரைத் தாண்டி மேற்கே போனது. வழியில் மிதந்த திருவாரூர் பஸ்ஸின் கண்டக்டர் எட்டிப் பார்த்து டிக்கெட் கேட்டாராம். மேலே உட்கார்ந்து வருகிறவனுக்கு என்ன டிக்கெட் என்று இவர் சொன்னதை அவரும் ஒப்புக்கொண்டாராம்.

"அப்புறம்?" என்றது வரிசை.

"அப்புறம் என்ன, ரயில்வே கேட்டு மூடியிருந்துச்சு. அலை நின்னுருச்சு."

குஞ்சம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "அப்ப அந்தப் பக்கம் ரயிலே ஓடல மாமா. தண்டவாளத்தைப் பேத்துப் போட்டிருந்தாங்க."

"அதான் ரொம்ப நேரம் நின்னுச்சு."

செண்பகவல்லி ஓரமாக நடந்து வந்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள், ஒன்பது நிமிஷம். வாயைத் திறந்தால் கூட்டம் கலைந்துவிடுமோ என்று பயம். தெருக்கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கைக்குழந்தைக்காரிகள் வந்தார்கள், கால் நொண்டும் மாரியப்பன் வந்தான். கேட்டுத் தொலைத்துவிட்டார்கள், வராமல் என்ன செய்வது?

மாடிக் கட்டடத்தின் அடியில் தூண்டிக்காரன் நின்றார். நின்ற அலையைத் திருப்பிக் கொண்டுவந்து கடலில் சேர்த்த விதத்தைக் கீழே நின்று விளக்க முடியாது, கடல் தெரிய வேண்டும் என்று சொல்லிவிட்டு, முட்டியைப் பிடித்தபடி ஏறினார். பின்னால் ஊர் ஏறியது.

மொட்டைமாடியில் அவர் தோள்துண்டை எடுத்து உதறிக் காட்டினார். "வாலைப் புடிச்சேன். வலைய உதறுற மாதிரி இப்படி ஒரு உதறு. மீனெல்லாம் ஒரு பக்கம், உப்பெல்லாம் ஒரு பக்கம். மடிச்சு கடல்ல வச்சிட்டு வந்தேன். வேதாரண்யத்து உப்பளம் பின்ன எப்படி வந்துச்சு?"

"எங்க தாத்தாவே அந்த உப்பளத்துல வேலை பாத்தவரு," என்றான் அஞ்சப்பன்.

"அது பழைய உப்பு. நான் கொட்டுனது அயோடின் கலந்தது."

ஊரே மறுத்துக் கத்தியது. அந்த இரைச்சலில் செண்பகவல்லி தலைகளை எண்ணினாள். ஒருவர்கூடப் பாக்கியில்லை. பதினாறு நிமிஷம். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கட்டடம் தப்பியது.

அறிக்கை எழுத வேண்டும். 'மக்கள் எவ்வாறு வெளியேற்றப்பட்டனர்?' என்று ஒரு கட்டம். நடந்ததை எழுதினால் மேலிடம் நம்பாது. கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தாள். பிறகு எழுதினாள்: 'சைரன் ஒலித்தவுடன் பொதுமக்கள் அனைவரும் அதிகாரியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, வரிசையாக, ஒருவரோடொருவர் பேசாமல், மிகுந்த அமைதியுடன் மேல்தளத்தை அடைந்தனர்.'

அஞ்சப்பனும் குஞ்சம்மாளும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு போதும். ஆனாலும் நன்றி மறக்கக் கூடாதென்று தூண்டிக்காரனிடமும் நீட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தார். பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

"இவ்வளவு பெரிய புளுகுல என்னால கையெழுத்துப் போட முடியாதும்மா. ஊருல எனக்குன்னு ஒரு பேரு இருக்கு."