ஆட்சேபணை இல்லை

கண்ணுபொத்தை மடத்தில் சிலை கிடையாது. மணி கிடையாது. ஒரு காத்தாடி உண்டு.

முப்பது மீட்டர் இரும்புக் கோபுரம். மூன்று றெக்கை. இருநூற்று இருபத்தைந்து கிலோவாட். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வைகாசியில் காற்றுப் பிடித்தால் புரட்டாசி வரைக்கும் விடாது. அந்த நாலைந்து மாதம் அது சுற்றி, அந்தக் கரண்டை மின்வாரியத்துக்கு விற்று, அதில்தான் மடத்தில் கிடக்கிற முப்பத்தொரு பேருக்கு வருஷம் முழுக்கச் சோறு. முப்பத்தொரு பேரும் வேண்டாம் என்று விடப்பட்டவர்கள். ரயிலடியிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் எடுத்து வந்தது.

காத்தாடியை நட்டது ஒரு மில் முதலாளி. காற்றுக்காக நடவில்லை. வருமான வரி குறையும் என்று நட்டார். மார்ச் முப்பத்தொன்றுக்குள் அது ஓடியாக வேண்டும். மார்ச்சில் ஏது காற்று? ஆளை மேலே ஏற்றி றெக்கையைக் கையால் தள்ளவிட்டுப் போட்டோ எடுத்தார்களாம். வரி குறைகிற மட்டும் குறைந்து முடிந்ததும் மடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். வள்ளல் என்று பேர் வெட்டி ஒரு கல்லும் அனுப்பினார். பூரணம் அம்மா அதைத் துணி துவைக்கப் போட்டுவிட்டார்.

பூரணம் அம்மாதான் மடத்துக்குத் தலை. நாற்பத்தாறு வயது. அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையை உதறிவிட்டு வந்தவர். உபதேசம் என்று உட்கார்ந்து பேசுகிற வழக்கம் இல்லை. புண் கழுவிக்கொண்டே ஏதாவது சொல்வார். வேண்டியவன் கேட்டுக்கொள்ளலாம்.

தாணுலிங்கம் கேட்டுக்கொண்டார். பதினான்கு வருஷமாக, வெள்ளிக்கிழமை தவறாமல். அம்மாவைவிட அவருக்குப் பதினைந்து வயது கூடுதல். மடத்துக்கு மேற்கே அவருக்குத் தென்னந்தோப்பு, அதற்கும் மேற்கே செங்கல் சூளை. அம்மா சொன்னதையெல்லாம் டைரியில் எழுதி வைத்திருக்கிறார். ஒன்பது டைரி ஆயிற்று. அவரைப்போல ஒரு சீடன் இல்லை என்று ஊரில் பேச்சு. அவருக்கும் அந்த நினைப்புத்தான்.

ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். கையில் டைரி இல்லை. ஒரு காகித உறை இருந்தது.

காத்தாடியைப் பார்த்துக்கொள்கிற கொம்பையா கோபுரத்தடியில் உட்கார்ந்து கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, தோப்புல தென்னைய எல்லாம் சாய்ச்சிட்டீராமே?"

"காத்தாடி போடுதேன் வே."

"எம்புட்டுப் பெருசு?"

"ரெண்டு மெகாவாட்டுக்கு மேல. கோபுரமே தொண்ணூறு மீட்டர். றெக்கை சுத்துற வட்டம் நூத்திருவது."

கொம்பையா தன் காத்தாடியை அண்ணாந்து பார்த்தார். "அப்ப இது அதோட இடுப்புல தூக்கி வச்சுக்கிடுற மாதிரில்லா இருக்கும்."

"இதையே கம்பெனிக்காரன் சின்னதுங்கான். மூணு, நாலுன்னு வந்தாச்சாம். கடலுக்குள்ள நடுதது அதைவிடப் பெருசாம். வருசா வருசம் வளருது வே. சும்மா நின்னோம்னா நம்மள மிதிச்சிட்டுப் போயிரும்."

"வெல என்னவாம்?"

"பதினெட்டு கோடி."

"யம்மாடி! சூளையில செங்கல்தான் சுடுதீரா, இல்ல வேற எதும் சுடுதீரா?"

"பேங்க்குல கடன் தாரான். எல்லாவனுக்கும் தாரான். யாவாரம் அப்படி ஏறுது."

கொம்பையா சிரித்துக்கொண்டே கேட்டார். "இங்கருந்து எம்புட்டுத் தூரம் தள்ளி?"

"முந்நூறு மீட்டர்."

கொம்பையா சிரிப்பை நிறுத்தினார்.

காத்தாடித் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி ஒன்று உண்டு. காற்று மேற்கே இருந்து வரும். முன்னால் நிற்பது எடுத்ததுபோக மிச்சம்தான் பின்னால் நிற்பதற்கு. மிச்சமும் நல்ல காற்றாக வராது. கலங்கி, உடைந்து, உலுக்கிக்கொண்டு வரும். சின்னக் காத்தாடி அதில் நின்றால் குறைவாகச் சுற்றுவது மட்டுமில்லை, ஆடி ஆடி உள்ளே பல்சக்கரம் நொறுங்கும். அதனால்தான் இத்தனை தூரம் விட வேண்டும் என்று விதி. அதற்குள் நட வேண்டுமானால் பின்னால் இருப்பவர் முத்திரைத்தாளில் எழுதித் தர வேண்டும். ஆட்சேபணை இல்லை என்று.

தாணுலிங்கத்துக்கு இது தெரியும். வடக்கே ஒரு ஊரில் பெரியதற்குப் பின்னால் நின்ற சின்னக் காத்தாடி மூன்றாவது சீசனில் நொறுங்கியது. பழைய இரும்புக்காரன் அதை அறுத்து லாரியில் ஏற்றியபோது, பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர். இனி அந்த இடம் என்ன விலை போகும் என்றுகூட விசாரித்தார்.

"இன்னும் மேக்க தள்ளிப் போடும் வே," என்றார் கொம்பையா. "விதிப்படி தூரம் வந்துரும்லா."

"அங்கன சூளை நிக்கி."

"சூளைய எடும்."

"நல்லாருக்கே கத! ஓடுற சூளைய எவனாவது எடுப்பானா?"

கொம்பையா அண்ணாந்து பார்த்தார். காத்தாடி ஓடிக்கொண்டிருந்தது.

பூரணம் அம்மா கூடத்தில் ஒரு கிழவரின் கால் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார். தாணுலிங்கம் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். வழியெல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்த கேள்வியைக் கேட்டார்.

"அம்மா, ஒரு சந்தேகம். பற்றை விடணும்னு சொல்லுதீங்க. மொதல்ல விட வேண்டியது எது?"

அம்மா நிமிரவில்லை.

"உறையில என்ன?"

தாணுலிங்கம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். கோபுரம், வட்டம், வருஷா வருஷம் வளருகிறது, கடலுக்குள் நடுகிறது, முந்நூறு மீட்டர், முத்திரைத்தாள். மாதக் கடைசிக்குள் மனு போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் கம்பெனிக்காரன் இயந்திரத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவான். கட்டின முன்பணம் வராது.

"சரி, விடுததுக்கு வருவோம்," என்றார் அம்மா. "விட வேண்டியது நீங்களா, நானா?"

"என்னோடதுன்னு ஒண்ணும் கிடையாதுன்னு நீங்கதானம்மா சொன்னீங்க. ஆறாவது டைரியில இருக்கு."

"நான் சொன்னத எனக்கே விக்கீங்க."

"அம்மா, அப்படியில்ல..."

"போயிப் பரிமாறுங்க. பசியோட இருக்காங்க."

வெள்ளிக்கிழமைகளில் அவர்தான் பரிமாறுவார். சட்டையைக் கழற்றிவிட்டு வாளியைத் தூக்கினார். சோறு, புளிக்குழம்பு, அவித்த பயறு. வரிசையில் நாலாவது ஆள் வேலப்பன். ரயில்வே தண்டவாளத்தில் வேலை பார்த்தவர். இரண்டு கண்ணும் மங்கல். இலையில் சோறு விழுந்த சத்தம் கேட்டு தாணுலிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மேக்கப் பெரிய காத்தாடி வருதாமே, நெசமாய்யா?"

"ஆமா."

"நமக்கா?"

தாணுலிங்கம் வாளியைப் பார்த்தார்.

"ஆமா," என்றார்.

"அப்பிடிச் சொல்லும்!" வேலப்பன் பக்கத்து இலையைத் தட்டினார். "கேட்டீரா, நமக்காம். இனிமே வெள்ளிக்கு வெள்ளி பாயசம் கேக்கணும்." வரிசையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார். தாணுலிங்கம் அடுத்த இலைக்கு நகர்ந்தார்.

பூரணம் அம்மா கூடத்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்தது. 

பந்தி முடிந்தது. அம்மா சாமான் அறைக்குப் போய் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"கொண்டாங்க."

தாணுலிங்கம் உறையைப் பிரித்தார். கொம்பையா வாசலில் வந்து நின்றார்.

"அம்மா, மடத்துக்கு நட்டம் வராது," என்றார் தாணுலிங்கம். "வருசா வருசம் நானே ஒரு தொகை தந்துருதேன்."

"எழுதித் தருவீங்களா?"

"நமக்குள்ள எதுக்கும்மா எழுத்து? வாய்ச்சொல் போதாதா?"

"போதும். நீங்களும் என் வாய்ச்சொல்லோட போங்க. இந்தப் பேப்பர் எதுக்கு?"

தாணுலிங்கம் தாளையும் பேனாவையும் கையில் வைத்தபடியே இருந்தார். அம்மா அவர் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டிப் பேனாவை வாங்கினார்.

"அம்மா!" என்றார் கொம்பையா. "முப்பத்தொரு பேரும்மா."

"தெரியும். பதினாலு வருசமா பரிமாறுதாரு, அவருக்கும் தெரியும்."

மூன்று பிரதி. மூன்றிலும் கையெழுத்துப் போட்டு மடத்து முத்திரையைக் குத்தினார். மை காயட்டும் என்று ஊதினார்கூட.

தாணுலிங்கத்துக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பொய்க் கண்ணீர் இல்லை. தரையில் விழுந்து கும்பிட்டார்.

"இதுதாம்மா துறவு. இன்னைக்கு ராத்திரியே டைரியில எழுதிருதேன்."

"எழுதாதீங்க. எந்திரிங்க. உறையில இன்னொரு தாள் இருக்கே."

"அதுவா? எழுத்துப் பிழை கிழை வந்தா வேணும்னு கூட ஒண்ணு வாங்கினேன். பேரெல்லாம் இன்னும் எழுதல."

"எடுங்க. நான் சொல்லச் சொல்ல எழுதுங்க."

அவர் பேனாவை வாங்கிக்கொண்டார்.

"பின்னால இருக்கிறவர்ங்கற எடத்துல உங்க பேரு."

"என் பேரா?"

"எழுதுங்க. ரெண்டு மெகாவாட், தொண்ணூறு மீட்டர் கோபுரம், எல்லாத்தையும் எழுதுங்க."

எழுதினார்.

"முன்னால நடுறவர்ங்கற எடத்துல ஒண்ணும் எழுதாதீங்க. காலியா விடுங்க."

"யாரும்மா நடப்போறா?"

"உங்க சூளைக்கு மேக்க யாரு நெலம்?"

"முன்னால எங்க பெரியப்பா மகன் வச்சிருந்தான். போன தையில வெளியூர்க்காரன் ஒருத்தன் வாங்கிட்டான். பத்து ஏக்கர்."

"என்ன போட்டிருக்கான்?"

"ஒண்ணும் போடல. வேலி மட்டும் போட்டிருக்கான்."

வாசலில் கொம்பையா இருமினார்.

"மூணு மெகாவாட்டுங்கீங்க, நாலுங்கீங்க, கடலுக்குள்ள நடுதாங்கீங்க," என்றார் அம்மா. "வளருததுன்னா எங்கயாவது நிக்கணும்லா. உங்களுக்கு மேக்கதான் நிக்கும். எத்தனை மீட்டர் பக்கத்துல வந்தாலும் ஆட்சேபணை இல்லைன்னு எழுதுங்க. கடைசியில கையெழுத்து."

தாணுலிங்கத்தின் பேனா 'ஆட்சேபணை' வரைக்கும் போயிற்று. அங்கே நின்றது.

"அம்மா, பதினெட்டு கோடிம்மா."

"ம்."

"பேங்க் கடன் பன்னெண்டு வருசம். ரெண்டு வருசத்துல ஒருத்தன் வந்து முன்னால நின்னான்னா நான் எங்க போவேன்?"

அம்மா தாளை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"எனக்கும் பிள்ளகுட்டி இருக்கும்மா. என்னை நம்பி எத்தனை பேரு இருக்கான்!"

சொன்ன பிறகு அவருக்கே காதில் விழுந்தது. கூடத்தில் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம். வேலப்பன் பாயசத்தைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

"இது சும்மா ஒரு தாளுதான், அண்ணாச்சி," என்றார் அம்மா. "இன்னும் யாரும் வந்து கேக்கல. நான் போட்டதுல பாதி கஷ்டம்கூட உங்களுக்கு இல்ல. போடுங்க."

அவர் பேனாவை மூடினார்.  பாதி எழுதின தாளை மடித்தார். கையெழுத்தான மூன்று தாளையும் அடுக்கி உறைக்குள் வைத்தார். உறையை மடியில் வைத்துக்கொண்டு அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"அம்மா."

"என்ன?"

"நீங்க போட்டதக் கிழிச்சிரட்டுமா?"

"கிழிக்கிற ஆளா இருந்தா கேட்டிருக்க மாட்டீங்க."

கொம்பையா வாசலை விட்டுப் போய்விட்டார். தாணுலிங்கம் எழுந்தார். சட்டையை மாட்டினார். காலை எந்தப் பக்கம் எடுத்து வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

அம்மா அரிசி மூட்டையிலிருந்து இறங்கினார்.

"பரிமாறினீங்களே, நீங்க சாப்பிடலியே. சாப்பிட்டுட்டுப் போங்க, அண்ணாச்சி. இந்த வருசம் சோறு இருக்கு."