சைபருக்கு வராத கூம்பு

ஞானசெல்வி மண் பரிசோதனை செய்கிறவர். கட்டடம் எழும்பும் இடத்தில் இரும்புக் கம்பியை நிலத்துக்குள் அழுத்தி இறக்குவார். கம்பியின் நுனியில் ஒரு கூம்பு. மண் அதை எவ்வளவு எதிர்க்கிறது என்பது மேலே திரையில் எண்ணாகத் தெரியும்.

அவரிடம் தொழில் கற்க வந்த தொம்மை அவரைவிட மூத்தவர். படகு இன்ஜின் மெக்கானிக்காக இருந்தவர்.

தூத்துக்குடிக்குத் தெற்கே, மண் கொட்டி மேடாக்கிய பழைய உப்பளம் ஒன்றில் வேலை. அங்கே பெண்கள் விடுதி வரப்போகிறது. ஞானசெல்வி கூம்பைத் துடைத்து நிழலில் தொங்கவிட்டார். திரையில் சைபர்.

"இப்பப் பார்த்தாச்சு. வெளிய எடுத்ததும் மறுபடி ஏன் மேடம் சைபர் பாக்கணும்?" என்று தொம்மை கேட்டார்.

"வெறுங்கையோட உள்ள போகுதுண்ணே. வெறுங்கையோட திரும்புதான்னு பாக்க வேண்டாமா?"

கம்பி இறங்கியது. கொட்டிய மண் இறுக்கமாக எதிர்த்தது. ஓரிடத்தில் மட்டும் எண் சட்டென்று சரிந்தது. அங்கே எதிர்ப்பே இல்லை. பிறகு மறுபடி ஏறியது.

கம்பியை வெளியே எடுத்தார்கள். கூம்பைக் கழுவித் தொங்கவிட்டார்கள். எண் சைபருக்கு வரவில்லை. வெறும் காற்றில் தொங்கிய கூம்பை யாரோ அடியில் உள்ளங்கை வைத்து மேலே தள்ளுவதுபோல ஓர் எண் நின்றது.

தொம்மை கூம்பின் அடியைக் கையால் தடவிப் பார்த்தார். ஒன்றுமில்லை.

"மெஷின் கோளாறு," என்றார் கட்டட மேற்பார்வையாளர் மாசானம். "சைபர் பட்டன அழுத்திட்டு அடுத்த குழியப் போடுங்க. நேரம் போகுது."

தொம்மையின் விரல் பட்டனுக்குப் போயிற்று.

"அண்ணே, கைய எடுங்க."

"அழுத்தினா சரியாயிடுமே மேடம்?"

"எண்ணு போயிடும். அது போகாது."

ஞானசெல்வி கூம்பைக் கழற்றினார். கூம்புக்கும் அதன் மேலுறைக்கும் நடுவே நூலிழை அகலத்தில் ஓர் இடைவெளி உண்டு. அதில் ஊசியை விட்டு மெல்ல நெம்பினார். கறுப்பாக ஏதோ வந்தது. இழுத்தார். வந்துகொண்டே இருந்தது.

முடி. முழங்கை நீளம். அதில் சிக்கியிருந்தது ஒரு சிவப்பு ரப்பர் பேண்டின் துணுக்கு.

"ஆட்டு முடியா இருக்கும்," என்றார் மாசானம். ஞானசெல்வி போலீசுக்குப் போன் போட்டார்.

போலீஸ் வந்து தோண்டியது. எண் சரிந்த அதே ஆழத்தில் ஒரு பெண் கிடந்தாள். பேச்சியம்மா. உப்பளத்தில் வேலை செய்தவள். மழைக்காலத்தில் காணாமல் போனாள். யாருடனோ ஓடிவிட்டாள் என்று ஊர் பேசி முடித்திருந்தது. அவள் அக்கா வந்து குழிக்குள் பார்த்தாள். அழவில்லை. "அவ ஓடிப்போகலைன்னு நான் அப்பவே சொன்னேன்லா," என்று கூடி நின்றவர்களைப் பார்த்து ஒவ்வொருவரிடமும் சொன்னாள்.

உடலை ஏற்றிக்கொண்டு வண்டி போயிற்று. மனையின் மறுமூலையிலும் ஒரு தடவை கம்பியை இறக்கிப் பார்க்கும்படி இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டார். இறக்கினார்கள்; எடுத்தார்கள்.

இந்த முறை தொம்மையே கூம்பைக் கழுவினார். இடைவெளியெல்லாம் பிரஷ் விட்டுத் தேய்த்தார். தொங்கவிட்டுத் தள்ளி நின்றார்.

எண் இறங்கிக்கொண்டே வந்தது. சைபருக்குச் சற்று முன்னால் நின்றது.

"மேடம்..."

"மண்ணுல உரசுனதுல கூம்பு இன்னும் சூடா இருக்கும், அதான் எண்ணு நிக்குது. ஆறட்டும்."

காற்று இல்லை. எண் அசையவில்லை. சாலை ஓரத்தில் போலீஸ் ஜீப்பைக் கிளப்பும் சத்தம் கேட்டது.

"ஆறினப்புறமும் வரலைன்னா?" என்றார் தொம்மை.

ஞானசெல்வி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஓடிப்போய் அவங்கள நிக்கச் சொல்லுங்கண்ணே."